மூச்சடக்கும் நெல்

நெற்பயிர் தண்ணீரில் நிற்கும். தண்ணீருக்குள் முழுகினால் நிற்காது. காவிரி டெல்டாவின் கடைமடையில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் வடிகால் வாங்காமல் போனால், அப்போதுதான் பச்சை பிடித்த சம்பா தலைக்குமேல் தண்ணீரோடு கிடக்கும். மூழ்கிய பயிர் மேலே வரப் பார்த்து விறுவிறுவென்று நீளும். அந்த முயற்சியிலேயே தண்டில் சேர்த்துவைத்த சத்தெல்லாம் தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்த அன்று தோகை வெளுத்து, சேற்றின்மேல் படுத்திருக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர் வராது, அழுகிய தண்டு மட்டும் கையோடு வரும். அப்படி அழிந்த வயலில் அப்பா கடன் வாங்கி மறுநடவு நட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இதற்கான விடை ஒடிசாவில் இருந்தது. அங்கே உழவர்கள் பயிரிட்டுவந்த நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற நெல், இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். ஆனால் விளைச்சல் குறைவு. நல்ல ரகங்களோடு ஒட்டுச்சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் கூடவே வந்தன. உழவர்கள் அந்த நெல்லை ஏற்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில். டேவிட் மெக்கில் என்ற விஞ்ஞானியும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த கெனோங் ஷூவும், அந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு பகுதியில் இருப்பதாக 1996-இல் காட்டினார்கள். அந்தப் பகுதிக்கு சப்1 என்று பெயர். அதற்குள் எந்த மரபணு என்று தேடிப் பிடிக்க மேலும் பத்தாண்டு ஆனது. பமீலா ரொனால்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகமும் சேர்ந்து உழைத்தது. 2006-இல் முடிவு வெளியானது: அது சப்1ஏ என்ற மரபணு. மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வாயு சேரும். சாதா நெல்லுக்கு அது வளரச் சொல்லும் உத்தரவு. சப்1ஏ மரபணு அந்த உத்தரவை மறித்துவிடுகிறது. மூச்சடக்கிய ஆள்போல, பயிர் சத்தைச் செலவழிக்காமல் அப்படியே இருக்கும். வெள்ளம் வடிந்ததும் மிச்சமிருக்கும் சத்தை வைத்துப் புதுக் குருத்து விடும்.

அந்த மாணவரிடம் 1996-இல் போய், இதனால் இந்த வருஷம் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மரபணுவின் இடம் தெரிந்தபின் வேலை சுருங்கியது. வழக்கமான ஒட்டுதான், ஆய்வகத்தில் மரபணுவைச் செருகும் வேலை இதில் இல்லை. இலைத் துணுக்கில் டி.என்.ஏ. சோதித்து, சப்1 உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இப்படி சுவர்ணா என்ற ரகத்தில் சப்1 சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்1, 2009-இல் இந்தியாவில் வெளியானது. டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த சி.ஆர். 1009-க்குள்ளும் அதே மரபணு வந்தது; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சி.ஆர். 1009 சப்1 ரகத்தை வெளியிட்டது.

ஒடிசாவின் வயல்களில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயலில் சுவர்ணாவைவிட சுவர்ணா சப்1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராதபோது விளைச்சல் குறையவும் இல்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: பட்டியல் சாதி உழவர்களுக்கே இதில் பலன் அதிகம். வெள்ளம் தேங்கும் பள்ளத்து நிலம் அவர்களிடம்தான் கூடுதலாக இருக்கிறது. மேடு யாரிடம், பள்ளம் யாரிடம் என்பது நம் ஊர்களிலும் தெரிந்த கதை. விதை அந்த அநீதியைத் தீர்க்காது. ஆனால் ஒரு குடும்பம் மறுநடவுக்குக் கடன் வாங்காமல் இருந்தால் அதுவும் சின்ன விஷயம் இல்லை.

சி.ஆர். 1009 சப்1 ரகம் பயிர் வளரும் பருவத்தில் இரண்டு வாரம் வரைதான் தாங்கும். பூக்கும்போது மூழ்கினால் தாங்காது. நீண்டகால ரகம் என்பதால் தாமதமாக விதைத்தாலும் சரிப்படாது. பள்ளத்து வயல் வைத்திருப்பவர்கள் ஆடி பிறக்கும்போதே வேளாண் விரிவாக்க மையத்தில் சி.ஆர். 1009 சப்1 விதை கேட்டு வையுங்கள்.