1981க்கும் 2007க்கும் இடையே ஒரு கோடு

கடந்த வாரம் சாம்பல்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, நான் செய்துகொண்டிருந்த வரைபு ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தேன். திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை, 1881 முதல் 2012 வரை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று கோடுகள். போனில் விரல் வைத்தால் அந்த ஆண்டின் எண்ணிக்கை மேலே வரும்.

அம்மா தமிழர் கோட்டின் கடைசிப் பகுதியில் விரலை வைத்தார். 1981இலிருந்து 2007 வரை அது மேசை விளிம்புபோல நேராகக் கிடந்தது.

"இந்த இடத்தில ஒண்டும் நடக்கேல்லையோ பிள்ளை?"

1990இல் உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகேறி, மண்டபம் முகாமில் வருடக்கணக்காக இருந்தவர் அவர். எங்கள் வாழ்க்கை தலைகீழாகப் புரண்ட காலம்தான் என் வரைபில் மிக அமைதியான காலமாகத் தெரிந்தது. எண்கள் எல்லாம் சரி. ஆனால் கோடு பொய் சொன்னது.

எப்படிப் பொய் சொன்னது, எப்படித் திருத்தினேன் என்பதை எழுதுகிறேன். தங்கள் ஊரின் தரவுகளை இணையத்தில் வரைபாகப் போட நினைப்பவர்களுக்கும், அப்படிப்பட்ட வரைபுகளைப் பார்ப்பவர்களுக்கும் உதவும்.

வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு

முதலில் எண்களைப் பார்ப்போம். 1981 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் தமிழர் 93,132 பேர். 2007இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய சிறப்புக் கணக்கெடுப்பில் 96,142 பேர். 26 வருடங்களில் கூடியது 3,010 பேர் மட்டுமே. இடையில் 1991இல் நாட்டில் எங்கும் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. அந்தப் பதினெட்டில் திருகோணமலை இல்லை.

ஆகவே 1981க்கும் 2007க்கும் இடையில் எங்களிடம் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்தது கணினி. கோடு என்பது ஒரு கூற்று. "இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நிலைமை ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது" என்று அது சொல்கிறது. அதைச் சொல்ல எங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

திருத்துவது கடினமல்ல. தரவு அட்டவணையில் 1991, 2001 ஆகிய ஆண்டுகளுக்கும் வரிசைகள் சேர்த்து, எண் வரவேண்டிய கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். அந்த ஆண்டுகளை அட்டவணையிலேயே சேர்க்காமல் விட்டால், அங்கே ஏதோ இல்லை என்பது கணினிக்குத் தெரியாது. வெறுமையான கட்டத்தைக் கண்டால் ஹைசார்ட்ஸ், சார்ட்.ஜேஎஸ் போன்ற கருவிகள் இயல்பாகவே கோட்டை அறுத்துவிடும். ஹைசார்ட்ஸில் 'கனெக்ட்நல்ஸ்', சார்ட்.ஜேஎஸ்ஸில் 'ஸ்பான்கேப்ஸ்' என்ற தெரிவை நாங்களாக இயக்கினால்தான் வெற்றிடத்தைத் தாண்டிக் கோடு போகும். அதை இயக்காமல் விடுங்கள்.

வெறுமையான கட்டத்தில் பூச்சியத்தைப் போட்டுவிடக் கூடாது. பூச்சியம் போட்டால் கோடு அடிமட்டத்துக்கு விழும். ஆள் இருந்து எண்ணப்படாமல் போவதும், ஆளே இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

ஐந்து வருடமும் இருபத்தாறு வருடமும்

இரண்டாவது பிழை கிடை அச்சில் இருந்தது. பெரும்பாலான கருவிகள் ஆண்டை ஒரு பெயராக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். எங்கள் மதிப்பீட்டு ஆண்டுகளோ 1881, 1891, 1901, 1911, 1921, 1946, 1953, 1963, 1971, 1981, 2007, 2012 என்று ஒழுங்கில்லாமல் போகின்றன. 1931இல் உலகப் பொருளாதார நெருக்கடியால் முழுமையான மதிப்பீடு நடக்கவில்லை. ஆகவே அங்கேயும் ஒரு வெற்றிடம்.

சம இடைவெளியில் அடுக்கினால் 1981 முதல் 2007 வரையான 26 வருடங்களும், 2007 முதல் 2012 வரையான 5 வருடங்களும் ஒரே அகலத்தில் வரும். போரின் நீளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆண்டை எண்ணாக எடுக்கும் அச்சுக்கு மாற்றியதும் அந்த இடைவெளி திரையில் அகன்று விரிந்தது.

எதோடு எதை ஒப்பிடுகிறோம்?

மூன்றாவது கேள்விதான் எங்கள் மாவட்டத்தில் மிகச் சிக்கலானது. ஒரே தரவை மூன்று விதமாக வரையலாம். மூன்றும் உண்மை. மூன்றும் வெவ்வேறு கதை சொல்லும்.

ஆட்களின் எண்ணிக்கையாக வரைந்தால், 1881இல் 14,304 ஆக இருந்த தமிழர் தொகை 1981இல் 93,132 ஆகிறது. கோடு ஏறுகிறது. நூற்றுவீதமாக வரைந்தால் அதே தமிழர் 64 வீதத்திலிருந்து 36 வீதத்துக்கு இறங்குகிறார்கள். 2007இல் 29 வீதத்துக்கும் கீழே போய், 2012இல் 32க்குத் திரும்புகிறார்கள்.

மூன்றாவது, தொடக்க ஆண்டை 100 என்று வைத்து வளர்ச்சியை ஒப்பிடும் சுட்டெண் முறை. 1881ஐ 100 என்று வைத்தால் 1981இல் தமிழர் ஆறரை மடங்கு, முஸ்லிம்கள் 13 மடங்கு, சிங்களவர் 91 மடங்கு. சிங்களவர் கோடு வானத்துக்குப் போக, மற்ற இரண்டும் தரையில் ஒட்டிக் கிடக்கும். 1881இல் சிங்களவர் 935 பேர் மட்டுமே என்பதால் வரும் விளைவு இது. தொடக்கத்தை 1946க்கு மாற்றினால் சிங்களவர் ஐந்தரை மடங்கு, முஸ்லிம்கள் மூன்று மடங்குக்குச் சற்று மேல், தமிழர் மூன்று மடங்குக்குச் சற்றுக் கீழ். எந்த ஆண்டில் தொடங்குகிறோம் என்பதிலேயே பாதி வாதம் முடிந்துவிடுகிறது.

அதனால் நான் ஒன்றைத் தெரிந்தெடுக்கவில்லை. மேலே மூன்று பொத்தான்கள் வைத்தேன்: எண்ணிக்கை, நூற்றுவீதம், சுட்டெண். சுட்டெண்ணில் தொடக்க ஆண்டைப் பார்ப்பவரே மாற்றலாம். ஊடாட்ட வரைபின் உண்மையான பயன் இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிந்திய மதிப்பீடுகள் இலங்கைத் தமிழரையும் மலையகத் தமிழரையும் தனித்தனியாகக் காட்டுகின்றன. 1881இல் அந்தப் பிரிப்பு இல்லை. அதனால் எல்லா ஆண்டுகளிலும் இரண்டையும் கூட்டியே போட்டிருக்கிறேன். ஓரிடத்தில் பிரித்தும் ஓரிடத்தில் கூட்டியும் போட்டால், நடக்காத வீழ்ச்சி ஒன்றை வரைபு காட்டும்.

கோடு காரணம் சொல்லாது

சிங்களவர் கோட்டில் இரண்டு ஏற்றங்கள் உண்டு. 1921இல் 1,501 ஆக இருந்தது 1946இல் 15,706 ஆகிறது. பிறகு 1953இல் 15,296 ஆக இருந்தது 1963இல் 40,000 அளவுக்குப் போகிறது. நான் பள்ளியில் படித்த காலம் முதல் இரண்டையும் சேர்த்துக் 'குடியேற்றம்' என்றே கேட்டு வந்தேன்.

வரைபில் ஆண்டுகளைச் சரியாக வைத்த பிறகுதான் வேறுபாடு புரிந்தது. முதலாவது ஏற்றத்துக்குள் இரண்டாம் உலகப் போர் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படைத் தளமாகத் துறைமுகம் விரிந்த காலம் அது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இங்கேதான். அந்த 25 வருடங்களில் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. தமிழரும் முஸ்லிம்களும் கூடினார்கள். இரண்டாவது ஏற்றம் கந்தளாய், அல்லை போன்ற அரச குடியேற்றத் திட்டங்களின் காலம். எங்கள் நியாயமான முறைப்பாட்டை இரண்டாவது ஏற்றத்தில் வைத்துப் பேசினால் அதற்குப் பலம் உண்டு. இரண்டையும் குழப்பினால், ஒரு பிழையைக் காட்டி முழு முறைப்பாட்டையும் தள்ளிவிடுவார்கள்.

எங்களுக்கு வசதியில்லாத எண்களையும் விடக்கூடாது. 1981க்கும் 2007க்கும் இடையில் சிங்களவர் தொகையும் 85,503இலிருந்து 84,766 ஆகச் சற்றுக் குறைந்தது. முஸ்லிம்கள் 75,039இலிருந்து 1,51,692 ஆக இரண்டு மடங்கானார்கள். அதேபோல 2007க்கும் 2012க்கும் இடையில் தமிழர் 26,000 அளவில் கூடியதைப் பிறப்புகளாக மட்டும் வாசிக்கமுடியாது. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து மட்டக்களப்பு முகாம்களில் இருந்தவர்கள் உட்படப் பலர் திரும்பிவந்த காலம் அது.

அம்மா மீண்டும் பார்த்தபோது

திருத்திய வரைபைக் காட்டினேன். கோடு 1981இல் நின்று, நீண்ட வெளிக்குப் பிறகு 2007இல் தொடங்குகிறது. வெளியைத் தொட்டால் ஒரு குறிப்பு வரும்: "1991: குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001: இம்மாவட்டத்தில் முழுமையாக நடைபெறவில்லை."

"ஓம், நாங்கள் இருந்தனாங்கள். எண்ணத்தான் ஒருத்தரும் வரேல்லை" என்றார்.

2024 இறுதியில் மீண்டும் குடிசன மதிப்பீட்டுக்கு வீடுவீடாக வந்தார்கள். அந்தப் புள்ளியையும் சேர்க்கவேண்டும். உங்கள் மாவட்டத்துக்கும் இதைச் செய்யலாம். ஒரு அட்டவணையும் இலவசக் கருவி ஒன்றும் போதும். மூல எண்களையும் வரைபின் கீழே அட்டவணையாகப் போடுங்கள். கோட்டை நம்பாதவர் எண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும்.