எழுத்துகள் வரியில் நிற்கட்டும்



மண்கும்பான் என் ஊர். 1990 ஆகஸ்டில் கட்டிய துணியோடு வெளிக்கிட்டவர்களில் நானும் ஒருத்தி. கணவரை இழந்த பின், இடம்பெயர்ந்திருந்த இடத்தில் ஒரு பெண்கள் நிலையத்தில் தட்டச்சும் பிறகு கணினியும் பழகினேன். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று பக்கம் வடிவமைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன்.

இந்தத் தொழிலில் நான் விட்ட ஒரு பிழையையும் அதைத் திருத்திய வழியையும் இங்கே சொல்கிறேன்.

2011 இல் ஊருக்குத் திரும்பிய பின், காணாமற்போனோரின் பெயர்களைச் சேர்த்து ஒரு சிறு மலர் அடிக்க விரும்பினார்கள். பெயர், வயது, கடைசியாகக் கண்ட திகதி என மூன்று நிரல்கள். நான் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில், இடைவெளி விசையைத் தட்டித் தட்டியே நிரல்களை நேராக்கினேன். என் திரையில் எல்லாம் அழகாக நின்றது.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. ஒரு தாய் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது என்ர மோன்ர திகதியெல்லே? ஏன் மற்றப் பெடியன்ர பேரோட நிக்குது?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தத் தாயிடம் மகனைப் பற்றி மிஞ்சியிருந்தது அந்தத் திகதி ஒன்றுதான்.

நடந்தது இதுதான். அச்சகத்துக் கணினியில் இருந்தது வேறொரு எழுத்துரு. அதன் எழுத்துகள் சற்று அகலம். நீளமான பெயர்கள் வந்த வரிகளில் இடம் போதாமல் திகதி கீழ் வரிக்கு இறங்கி, அடுத்தவரின் திகதி போலத் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் முறைகள் இவை:

1. நிரல்களுக்கு இடைவெளி விசை வேண்டாம். 'டாப்' விசையை ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். பேஜ்மேக்கரில் கன்ட்ரோல் விசையோடு 'ஐ' விசையை அழுத்தினால் டாப் அளவுகோல் வரும். நிரல் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அதில் குறிக்கலாம். வயது, பணம் போன்ற இலக்கங்களுக்கு வலப்பக்க டாப் வையுங்கள்.

2. இரு பக்கமும் சமப்படுத்தினால் தமிழில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். எங்கள் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய நிரலில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே அடங்கும். அங்கே இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே நல்லது. பந்தியின் கடைசி வரி இழுபட்டு நின்றால், 'ஃபோர்ஸ் ஜஸ்டிஃபை' தெரிவாகியிருக்கிறதா எனப் பாருங்கள். அதை 'ஜஸ்டிஃபை' ஆக மாற்றினால் போதும்.

3. 'ஹைபனேஷன்' வசதியை நிறுத்திவிடுங்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. மென்பொருளோ அதை ஆங்கிலம் என்றே நினைத்துச் சொல்லை வெட்டும். அப்போது கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும்.

4. அச்சகத்துக்கு எழுத்துருவையும் உள்ளே சேர்த்த பீடிஎப் கோப்பாகவே கொடுங்கள். அங்கே எந்த எழுத்துரு இருந்தாலும் உங்கள் பக்கம் மாறாது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். இப்போது இன்டிசைனும் யூனிகோட் எழுத்துருவும் பழகுங்கள். அதில் கொம்பு இடம் மாறி நின்றால் பயப்பட வேண்டாம். பந்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும். பட்டியல்களுக்கு அதில் அட்டவணை வசதியும் உண்டு. அட்டவணையில் பெயர் எவ்வளவு நீண்டாலும் திகதி தன் கட்டத்தை விட்டு நகராது.

அன்றிரவே முழுப் பட்டியலையும் டாப் வைத்துத் திரும்ப அமைத்தேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அந்தத் தாயிடம் போனேன். அவர் ஒவ்வொரு வரியாக விரலால் தடவி, மகனின் பெயரில் நிறுத்தி, திகதி வரை விரலை ஓட்டிப் பார்த்தார். "இப்ப சரி, பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, அதில் உள்ள பெயர்களுக்கு உரியவர்களிடம் காட்டுங்கள். எங்கள் கண்ணுக்குத் தப்புவது அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.