குளிர்ந்த நீரும் குணமளிக்கும் இறைவனும்

 

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மனிதர்களில் பலர் ஏமாந்து இழந்துவிடுகின்ற அருட்கொடைகள் இரண்டு. ஒன்று ஆரோக்கியம், மற்றொன்று ஓய்வு என்று அண்ணலார் எச்சரித்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவருக்கு ஓய்வு ஏது? நாள் முழுதும் பவர் டேபிளில் குனிந்திருக்கும் டெய்லருக்கு முதுகுவலி, நீராவியில் நின்று அயர்ன் போடுபவருக்குக் கால்வலி, கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை நோய். எங்கேனும் எளிய நிவாரணம் கிடைக்காதா என்று மனம் தேடுவது இயல்பே.

இந்தத் தேடலுக்கு விடையாக இன்று கைப்பேசிகளில் ஒரு காட்சி உலா வருகின்றது. பனிக்கட்டிகள் மிதக்கும் தொட்டியில் ஒருவர் கழுத்தளவு அமர்ந்திருக்கின்றார். இது மன அழுத்தத்தை நீக்கும், நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும், மாத்திரைகளே தேவைப்படாது என்று குரல் ஒலிக்கின்றது. இதில் உண்மை எவ்வளவு? மார்க்கம் நமக்குக் காட்டும் வழி என்ன?

தண்ணீரும் மார்க்கமும்

தண்ணீரில் நிவாரணம் உண்டு என்பதை முஸ்லிம்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. நீண்ட காலம் துன்புற்ற நபி அய்யூப் (அலை) அவர்களுக்கு, காலால் பூமியை உதைக்குமாறு அல்லாஹ் கட்டளையிட்டு, குளிப்பதற்கும் பருகுவதற்கும் குளிர்ந்த நீரை வழங்கியதை ஸாத் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. காய்ச்சலின் வெப்பத்தைத் தண்ணீரால் தணிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். தமது இறுதி நோயின்போது, ஏழு தோல்பைகளின் நீரைத் தம்மீது ஊற்றுமாறு அவர்கள் பணித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

ஆயினும், காய்ச்சல் பற்றிய நபிமொழியை ஸஹாபாக்கள் எவ்வாறு செயல்படுத்தினர் என்பதைக் கவனியுங்கள். காய்ச்சல் கண்ட பெண்ணை அழைத்து வந்தால், அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் துஆச் செய்து, அவளது கழுத்துப் பகுதி வழியாக ஆடைக்குள் சிறிது தண்ணீர் ஊற்றுவார்கள். தொட்டியில் அமிழ்த்தவில்லை. ஹிஜ்ரி 751-ல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், இந்த நபிமொழி ஹிஜாஸ் வாசிகளையும் அவர்களை ஒத்தவர்களையும் நோக்கிச் சொல்லப்பட்டது, அவர்களுக்கு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வெயிலின் கொடுமையால் வந்தது என்று விளக்கமளித்துள்ளார்கள். எந்த நோய், எந்த உடல், எந்த ஊர் என்று பார்த்தே மருந்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகின்றது.

குளிர்ந்த நீர் உடலில் என்ன செய்கின்றது?

ஆய்வாளர்கள் குளிர்நீர் என்று குறிப்பிடுவது பொதுவாக 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரையே ஆகும். நம் வீட்டுக் குழாய் நீர் அந்த அளவு குளிர்வதில்லை. அத்தகைய நீரில் திடீரென இறங்கியதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு திணறி இழுக்கின்றது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் விரைந்து உயர்கின்றன. முதல் சில நிமிடங்களே மிகவும் ஆபத்தானவை. ஆரோக்கியமான இளைஞர் இதனைத் தாங்கிக்கொள்வார். இதய நோயாளியோ இரத்த அழுத்தமுள்ளவரோ தாங்காமல் போகலாம்.

நன்மையே இல்லையா? உண்டு. கடும் உடற்பயிற்சிக்குப் பின் தசை வலி ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. நெதர்லாந்தில் 3018 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வில், வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 வினாடிகள் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டவர்கள் நோய்விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் நோயுற்றிருந்த நாள்கள் குறையவில்லை! 2025-ஆம் ஆண்டு 11 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், குளிர்நீரில் அமிழ்ந்து 12 மணி நேரத்திற்குப் பின் மன அழுத்தம் குறைந்ததாகக் கண்டனர். எனினும் ஆய்வுகள் குறைவு, உறுதியான முடிவுக்கு வர இயலாது என்றும் தெரிவித்தனர். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இதனால் குணமாகிவிடும், மாத்திரையை நிறுத்தலாம் என்று இவ்வாய்வுகள் கூறவில்லை.

காந்தியடிகள் செய்தது என்ன?

நீர் சிகிச்சை இன்று தோன்றியதன்று. ஜெர்மனியில் பாதிரியார் கினைப், லூயி கூனே போன்றோர் 19-ஆம் நூற்றாண்டில் இதனைப் பரப்பினர். கூனேயின் இடுப்புக் குளியல் முறையைக் காந்தியடிகள் விரும்பிக் கைக்கொண்டார். 1902-ல் பம்பாயில் அவருடைய மகன் மணிலால் டைபாய்டு காய்ச்சலால் துன்புற்றபோது, மருத்துவர் கூறிய முட்டையும் கோழிச் சாறும் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. இடுப்புக் குளியலும் ஈரத்துணிப் போர்வையுமாகத் தாமே சிகிச்சை செய்தார். மகன் பிழைத்தான். இயற்கை மருத்துவ அன்பர்கள் இதனைப் பெருமையுடன் எடுத்துச் சொல்வர்.

ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. தமக்கு நாடி பார்க்கவோ, நெஞ்சையும் நுரையீரலையும் சோதிக்கவோ தெரியாது என்று காந்தியடிகள் மருத்துவரிடம் ஒப்புக்கொண்டார். அவ்வப்போது வந்து சோதித்து நிலைமையைக் கூறுமாறு வேண்டிக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தப் பண்பே இன்று நம்மிடம் அருகிவிட்டது.

கேளாமையால் போன உயிர்

நபித்தோழர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அபூதாவூதில் அது பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த அண்ணலார் கடுமையாகச் சினந்தார்கள். அவரை அவர்களே கொன்றுவிட்டதாகக் கூறினார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்டறிவதே மருந்து என்று உணர்த்தினார்கள்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! தண்ணீர் தூய்மையானது. குளிப்பு கடமையான வணக்கம். அறிவுரை கூறியவர்களுக்கோ தீய எண்ணம் இல்லை. ஆயினும் ஓர் உயிர் போயிற்று.

மாறாக, தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சிய அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். காரணத்தைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்காமல் புன்னகைத்தார்கள். கடமையான குளிப்பிலேயே உயிருக்கு இத்தனை மதிப்பென்றால், கைப்பேசியில் கண்ட குளியலுக்கு உயிரைப் பணயம் வைக்கலாமா?

நம் அருகிலேயே நடந்தது

இத்தகைய காணொளிகள் தண்ணீரில் தொடங்கினாலும், மருத்துவமனையே வேண்டாம் என்பதில் சென்று முடிகின்றன. அதன் விலையை நம் மாவட்டம் கண்டிருக்கின்றது. 2018 ஜூலையில் திருப்பூரில், இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்றதில் ஓர் இளம்பெண் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்திற்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்கிற்கு அவரே பொறுப்பு என்பது நபிமொழி. ஆகவே, ஆராயாமல் ஒரு சிகிச்சைக் காணொளியை ஜமாஅத் குழுக்களில் அனுப்புபவரும் தம் பொறுப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்துள்ளது.

இதனால் மாற்று மருத்துவம் அனைத்தையும் ஒதுக்குகின்றோம் என்று எண்ண வேண்டாம். யூனானி, சித்தா, இயற்கை மருத்துவம் ஆகியவற்றை முறையாகப் பயின்று பட்டம் பெற்றோர் இருக்கின்றனர். சென்னை அரும்பாக்கத்தில் இவற்றுக்கு அரசுக் கல்லூரிகளே உள்ளன. அவர்களிடம் செல்லுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டார்கள். அது ஸுன்னத் என்பதால் கிருமி நீக்காத கத்தியைப் பயன்படுத்தலாகாது. மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தத்தின் வழியே பரவும். கருஞ்சீரகத்தின் சிறப்பு நபிமொழியில் வந்துள்ளது. அதனை உண்பவர் இன்சுலினை நிறுத்த வேண்டும் என்று எங்கும் வரவில்லை. நெஞ்சுவலியால் துன்புற்ற ஸஅத் (ரலி) அவர்களை மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு நபியவர்கள் கூறியதும் அபூதாவூதில் உள்ளது.

குடும்பத்தார் கவனத்திற்கு

குளிர்ந்த நீரில் குளிக்க விரும்பும் ஆரோக்கியமானவர், கை கால்களை முதலில் நனைத்து, சிறிது நேரத்துடன் நிறுத்திக்கொள்ளட்டும். தொட்டியில் இறங்குபவர் தனியே இறங்க வேண்டாம். இதய நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

காய்ச்சல் கண்ட குழந்தையைப் பனிநீரில் அமிழ்த்தாதீர்கள். உடல் நடுங்கும், நடுக்கமே வெப்பத்தைக் கூட்டும். காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆனால் கோடையில் அயர்ன் பகுதியில் ஒருவர் உடல் கொதித்து நினைவு தடுமாறினால், உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, தாமதியாமல் அவர் உடலைக் குளிர்ந்த நீரால் நனையுங்கள். அங்கே தண்ணீர் உயிர் காக்கும். அயர்ன் பாக்ஸ் சுட்டால், ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஏறத்தாழ மூன்று லிட்டர் கொண்ட ஒரு ஸாஉ அளவு நீரிலேயே நாயகம் (ஸல்) அவர்கள் குளித்திருக்கின்றார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2024 ஆகஸ்டில்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தால் நம் குளங்கள் நீரைக் கண்டன. தொட்டி தொட்டியாக நீரை வீணாக்குவது நமக்கு அழகா?

அன்பர்களே! நோயை இறக்கிய அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியிருக்கின்றான். தண்ணீரும் அவன் படைப்பே, மாத்திரையும் அவன் படைப்பே. குணமளிப்பவன் அவன் ஒருவனே. இன்று வீடு திரும்பியதும், உங்கள் பெற்றோர் தம் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருந்தால், அன்புடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நமக்கும் நம் சந்ததியினருக்கும் பூரண ஆரோக்கியத்தையும், அறியாததைக் கேட்டறியும் பணிவையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.