மூலையில் ஏறும் சத்தம்

வி.எம்.சி. என்னும் மில்லிங் எந்திரத்தில் ஒரு சதுரப் பாக்கெட் (குழி) ஓடும்போது ஆப்பரேட்டரின் கையைக் கவனியுங்கள். எண்ட்மில் நேராகப் போகிறவரை கை சும்மா இருக்கும். மூலை நெருங்கியதும் ஃபீடு ஓவர்ரைடு திருகுக்குப் போய் நூறிலிருந்து அறுபதுக்கு இறக்கும். மூலை தாண்டியதும் மறுபடி நூறு. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில் இது அன்றாடக் காட்சி. மூலையில் டூல் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கை அது.

சத்தத்துக்குக் காரணம் வடிவக் கணக்கு. 10 மி.மீ. எண்ட்மில் பக்கவாட்டில் 5 மி.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரான சுவரில் டூலின் சுற்றளவில் 90 டிகிரி மட்டும் இரும்பில் பதிந்திருக்கும். உள்மூலைக்கு வந்ததும் எதிர்ச் சுவரும் சேர்ந்துகொள்ள, பதிவு 180 டிகிரி ஆகிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் டூலின் பாதிச் சுற்று முழுக்க இரும்புக்குள் இருக்கிறது. டூல் வளைகிறது, அதிர்கிறது, சில நேரம் முறிகிறது. அதனால் அனுபவமுள்ள புரோகிராமர் மோசமான மூலையை மனத்தில் வைத்தே முழு வேலைக்கும் ஃபீடு போடுவார். நேர்கோட்டில் வேகமாகப் போயிருக்கக்கூடிய டூல், அங்கங்கே வரும் நான்கு மூலைகளுக்காக வழி நெடுக மெதுவாகப் போகும்.

டூல் போகும் பாதையைப் போடுவதுதான் கேம் மென்பொருளின் வேலை. முப்பரிமாண வரைபடத்தைத் திறந்து எந்த டூல், எவ்வளவு ஆழம், எங்கிருந்து நுழைய வேண்டும் என்று நாம் சொன்னால், எந்திரத்துக்குப் புரியும் ஜி-கோடாக அது வரிவரியாக எழுதித் தரும். எண்களைக் கொண்டு எந்திரத்தை ஓட்டும் யோசனை ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கருடையது. 1952-இல் எம்.ஐ.டி. அதை ஒரு மில்லிங் எந்திரத்தில் ஓட்டிக் காட்டியது. கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. கட்டளைகளைக் கணினியைக் கொண்டே எழுத வைக்கும் ஏ.பி.டி. மொழியை 1959-இல் அதே நிறுவனம் அறிமுகம் செய்தது. அந்த முறையில் வெட்டிய அலுமினிய ஆஷ்டிரேயை வந்திருந்த நிருபர்களுக்குக் கொடுத்தார்கள். 1983-இல் தொடங்கிய மாஸ்டர்கேம் போன்றவை இந்த வேலையைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. இன்று ஐம்பதைத் தாண்டிய புரோகிராமர்கள் பலர் அந்தத் தலைமுறை மென்பொருளில் கை பழகியவர்கள்.

பழைய கேம் பாக்கெட்டின் சுவரை உள்பக்கமாக நகர்த்தி நகர்த்தி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பாதை போடும். வரைபடத்தில் பார்க்க ஒழுங்காக இருக்கும். டூலின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று அதற்குத் தெரியாது. புதிய பதிப்புகள் இதைத் தலைகீழாக மாற்றின. டூல் இரும்பில் பதியும் கோணத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடக்கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் பாதையை வளைக்கின்றன. மூலை வந்தால் ஒரேயடியாக உள்ளே பாயாமல் சிறுசிறு வளைவுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இரும்பை எடுத்துக்கொண்டு போகும். மாஸ்டர்கேம் இதை டைனமிக் என்கிறது, ஆட்டோடெஸ்க் அடாப்டிவ் என்கிறது, சாலிட்கேம் ஐமெஷினிங் என்கிறது. கணக்குப் போடும் விதம் வேறு, நோக்கம் ஒன்று.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவருக்கு எண்ணிலேயே பதில் சொல்லலாம். அதே 10 மி.மீ. டூல், இம்முறை பக்கவாட்டில் 1 மி.மீ. மட்டும். பதிவுக் கோணம் சுமார் 37 டிகிரி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவ்வளவு குறைந்த அகலத்தில் வெட்டும்போது, பல் ஒன்றுக்கு நாம் கொடுக்கும் ஃபீடில் 60 சதவீதம்தான் சிப்ஸின் உண்மையான கனமாக வருகிறது. அகலத்தை மட்டும் குறைத்துவிட்டு ஃபீடைப் பழைய அளவிலேயே விட்டால் டூல் வெட்டாமல் உரசும். தகடு போதிய அளவு வெளியே நீட்டாத இழைப்புளி மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போவதைத் தச்சுப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், அதே கதை. ஆகவே ஃபீடை 1.67 மடங்கு ஏற்ற வேண்டும். சுமை சீராக இருப்பதால் ஆழத்தையும் துணிந்து கூட்டலாம். 3 மி.மீ. ஆழத்தில் வெட்டிய இடத்தில் 20 மி.மீ. வரை, பல்லின் நீளம் முழுவதையும் பயன்படுத்தலாம்.

நான்கு பல் கார்பைடு எண்ட்மில், மைல்டு ஸ்டீல், நிமிடத்துக்கு 4,800 சுற்று, சிப்ஸ் கனம் 0.05 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், பழைய முறையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கன செ.மீ. இரும்பு வெளியேறும். புதிய முறையில் 32. இது தாளில் போட்ட கணக்கு. டூல் திரும்பி வரும் வெற்று நகர்வுகள் இதில் கொஞ்சம் தின்றுவிடும். கிளாம்ப் தளர்வாக இருந்தாலோ டூல் அதிகம் நீட்டியிருந்தாலோ இன்னும் குறையும். ஆனாலும் வித்தியாசம் கடிகாரத்தில் தெரியும்.

பிறகு ஏன் பட்டறையின் மூத்த புரோகிராமர், "எனக்குப் பழசே போதும் தம்பி" என்கிறார்? பிடிவாதம், வயது, கற்கச் சோம்பல் என்று இளையவர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தவறான கணிப்பு. அவர் வாயால் சொல்லாத காரணங்கள் வலுவானவை.

முதல் காரணம் போஸ்ட். கேம் போடும் பாதை பொதுவானது. அதை ஃபானுக் கண்ட்ரோலருக்கு ஒரு விதமாக, சீமென்ஸுக்கு வேறு விதமாக மாற்றித் தருவது போஸ்ட் ப்ராசஸர் என்ற கோப்பு. ஒவ்வொரு எந்திரத்தின் குணத்துக்கும் ஏற்ப அதில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தவர் அவர். புதிய பதிப்பில் அந்தப் போஸ்டை மாற்றி எழுதும்போது ஒரு வரி விட்டுப்போனால், உதாரணமாக டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கும் ஜி43 வராமல் போனால், ஸ்பிண்டில் ஜாபின் மேலேயே இறங்கும். அந்த இடியின் செலவு என்னவென்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இரண்டாவது, பழைய எந்திரங்கள். துளை நாடாவின் காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஃபானுக் கண்ட்ரோலர்களின் நினைவகத்தை நாடாவின் நீளத்தில்தான் குறிப்பிட்டு வந்தார்கள். 160 மீட்டர் என்றால் சுமார் 63,000 எழுத்துகள், அவ்வளவுதான். புதிய பாதை போட்டால் ஒரு பாக்கெட்டுக்கே பல லட்சம் எழுத்துகள் வரலாம். நினைவகத்தில் அடங்காததை ஆர்.எஸ்.232 கேபிள் வழியே சொட்டுச் சொட்டாக அனுப்புவார்கள். 9,600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து. வரிக்கு இருபது எழுத்தென்றால் 48 வரி. ஒரு வரி 0.1 மி.மீ. நகர்வு என்றால் நிமிடத்துக்கு 300 மி.மீ. கூடத் தாண்டாது. புதிய முறையில் நாம் கேட்டதோ நிமிடத்துக்கு 1,600 மி.மீ. எந்திரம் விக்கி விக்கி ஓடும், பரப்பில் தழும்பு விழும். "உன் புது சாஃப்ட்வேர் இந்த மெஷின்ல ஓடாது" என்று அவர் சொல்வதில் இந்தக் கணக்கு இருக்கிறது. சிறு கோடுகளைச் சேர்த்து வளைவு வரியாக்கும் வசதி புதிய கேமில் உண்டு. அதை இயக்கினால் கோப்பு பெரிதும் சுருங்கும். இருந்தும் சில எந்திரங்களுக்குப் பழைய பாதையே பொருத்தம். அதை ஒப்புக்கொள்ளாமல் பேச்சைத் தொடங்கினால் அவர் காது கொடுக்க மாட்டார்.

மாறாமலே இருந்துவிடவும் முடியாது. பழைய பதிப்பு இயங்கும் கணினி பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. உரிமத்துக்கான டாங்கிள், பிரிண்டர் கேபிள் செருகும் பழைய துளையில் மாட்டியிருக்கும். இன்று கடையில் வாங்கும் கணினியில் அந்தத் துளையே இருக்காது. அந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்றால் அத்தனை வருட வேலையும் அதோடு நிற்கும். இன்னொன்று, புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. பகல் ஷிஃப்டில் இளையவர் போட்ட வேலையை இரவு ஷிஃப்டில் மூத்தவர் திறந்து ஓர் ஆழத்தைக்கூட மாற்ற முடியாமல் தவிப்பது இப்படித்தான்.

மூத்தவரைப் புதிய பதிப்புக்கு அழைக்கும் வழி கணினித் திரையில் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மெனு எங்கே, ஐகான் எது என்று காட்டத் தொடங்கிய நிமிடமே அவர் மாணவராகவும் நாம் வாத்தியாராகவும் ஆகிவிடுகிறோம். போஸ்டில் தொடங்குங்கள்.

"அண்ணா, டூல் மாத்துறதுக்கு முன்னாடி இசட்டை ஏன் ரெண்டு தடவை ஹோமுக்கு அனுப்பியிருக்கீங்க?"

"அதுங்களா, அந்த மெஷின்ல ஒரு தடவ அனுப்புனா சில சமயம் முழுசா போகாதுங்க தம்பி. ஆர்ம் வந்து டூலை இடிச்சிரும்."

இப்படி வரிவரியாகக் கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் அவர் சொல்லும் காரணத்தைப் போஸ்டுக்குள்ளேயே குறிப்பாக எழுதி வையுங்கள். மென்பொருளை நிறுவுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. பிறகு அவர் நன்கு அறிந்த ஒரு ஜாபை எடுத்து, பழைய பதிப்பிலும் புதியதிலும் அதே பழைய பாணிப் பாதையைப் போட்டு, வரும் இரண்டு ஜி-கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையே ஒப்பிடச் சொல்லுங்கள். வேறுபடும் வரிகளில் சிவப்பு மையால் அவர் கோடு போடுவார். அந்தக் கோடுகள் எல்லாம் தீரும்வரை எந்திரத்துக்குப் போக வேண்டாம்.

அதன் பிறகுதான் வெட்டிப் பார்ப்பது. அதற்கு வாடிக்கையாளரின் ஜாபைத் தொடக் கூடாது; ஸ்கிராப்பில் கிடக்கும் மைல்டு ஸ்டீல் துண்டு போதும். துண்டையும் டூலையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும், வைஸில் அவரே இறுக்கட்டும். முதலில் இசட்டை உயர்த்தி வைத்துக் காற்றில் ஒரு ஓட்டம். பிறகு கோட்டிங் போட்ட கார்பைடு எண்ட்மில், கூலன்ட் இல்லாமல் காற்று மட்டும் அடித்து, முழு ஆழத்தில். மூலை வரும்போது அவர் கை பழக்கத்தில் ஓவர்ரைடு திருகுக்குப் போகும். ஸ்பிண்டில் லோடு மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்: நேர்கோட்டில் காட்டிய அளவையே மூலையிலும் ஏறத்தாழக் காட்டும். சத்தமும் மாறாது. சிப்ஸ் நீல நிறத்தில், ஒரே நீளத்தில் வந்து விழும். வெப்பம் சிப்ஸோடு வெளியேறிவிட்டது என்பதற்கு அந்த நீலமே அடையாளம். எந்திரம் நின்றதும் ஜாபைத் தொட்டுப் பார்ப்பார், வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும்.

அங்கே அவர் கேட்கப்போகும் கேள்விகள் முக்கியமானவை. மெல்லிய சுவர் உள்ள ஜாபில் இவ்வளவு ஆழம் போட்டால் சுவர் வளையாதா? கிளாம்ப் இந்தப் பக்கம் இருந்தால் டூல் எங்கிருந்து நுழையும்? வார்ப்பு இரும்பின் மேல்தோலில் மணல் இருந்தால் பல் என்ன ஆகும்? புதிய கேமுக்கு இவற்றுக்குப் பதில் தெரியாது. சுவர் வளைவதும் மணல் கிடப்பதும் அதன் கணக்கிலேயே வராது. எத்தனை சதவீத அகலம், எவ்வளவு ஆழம், எங்கே நுழைவு என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் அவரே.

ஒப்புக்கொண்ட பிறகும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வாகன உதிரிபாக வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலான கேம் மென்பொருள்களில் இரண்டு பதிப்புகளையும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வரும் ஜாப், அதிலும் இரும்பு அதிகம் வெளியேற வேண்டிய ஆழமான பாக்கெட் உள்ள ஜாப், புதிய பதிப்பில் தொடங்கட்டும். நாடா நீளத்தில் நினைவகம் சொல்லும் அந்தப் பழைய எந்திரத்துக்கு ஃபினிஷிங்கும் துளையிடலும் போகட்டும். ரஃபிங் முழுவதும் புதிய கண்ட்ரோலர் உள்ள எந்திரத்துக்கு. எந்த வேலை எந்த எந்திரத்துக்கு என்ற அந்தப் பட்டியலையும் அவரே எழுதட்டும்.