குழாயடியில் தண்ணீர் தேங்குதா? அடுக்களை சிங்க்கை உலர்வாக வைக்க எளிய வழிகள்!

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சமையல் மேடையையும் துடைத்தாயிற்று. 'அப்பாடா' என்று நகர்ந்து, அரை மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கப் போனால், சிங்க் குழாயின் அடியில் மறுபடியும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. துடைத்தால் போகிறது, அடுத்த வேளைக்குத் திரும்ப வந்துவிடுகிறது.

'இதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், அந்த ஒரு கை தண்ணீர்தான் சிங்க்குக்குக் கீழே இருக்கும் பிளைவுட் அலமாரியை ஊற வைத்து உப்ப வைக்கிறது. கரப்பான்பூச்சிக்கு ராத்திரி தாகம் தீர்க்கிறது. மேடையின் விளிம்பிலிருந்து தரையில் சொட்டி, வீட்டில் இருக்கும் பெரியவர்களை வழுக்கி விழ வைக்கிறது. பக்கத்திலேயே மிக்ஸியும் ஸ்விட்ச் போர்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குமரி மாவட்டத்தில் ஏன் கூடுதல் கவனம்?

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு ஒரு பருவமழைதான் பெரிய மழை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரம் இருப்பதால், மேடையில் தேங்கும் தண்ணீர் தானாகக் காய்வதில்லை. ஈரம் நின்ற இடத்தில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கிறது.

அடுத்தது, கடல். கடற்கரை ஊர்களில் காற்றோடு உப்பும் வருகிறது. குழாயின் மேல்பூச்சு சீக்கிரம் மங்குவதற்கும், ஸ்டீல் சிங்க்கில் பழுப்புப் புள்ளிகள் விழுவதற்கும் இந்த உப்பு முக்கியக் காரணம். தேங்கிய தண்ணீர் ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு அங்கேயே படிந்துபோவதால் அரிப்பு இன்னும் அதிகமாகிறது. போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் வெள்ளை உப்புப் படிவமும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, நம் சமையல். மீன் இல்லாத நாளே அபூர்வம். தேங்காய் இல்லாத குழம்பும் அபூர்வம். மீன் கழுவும்போது தெறிக்கும் செதிளும், தேங்காய் அரைத்த ஜாரிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும் குழாயடியில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே தண்ணீரும் தேங்கினால், எத்தனை முறை கழுவினாலும் அடுக்களையை விட்டு அந்த வாடை போகாது.

அங்கணம் சொல்லும் பாடம்

பழைய வீடுகளில் சிங்க் கிடையாது. அடுக்களையின் ஓரத்தில் அங்கணம் இருக்கும். அல்லது கிணற்றடியில் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துப் பாத்திரம் துலக்குவார்கள். திருக்குறளின் 'அவையறிதல்' அதிகாரத்திலேயே வரும் அளவுக்குப் பழைய சொல் அங்கணம். அந்தத் தளம் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். ஊற்றிய தண்ணீர் வழியில் எங்கும் நிற்காமல் வாழை மூட்டுக்கோ தென்னை மூட்டுக்கோ போய்விடும்.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கடைமடை வரை கொண்டுபோய் நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அது நாம் விரும்பாத இடத்தில் வழி தேடிக்கொள்ளும். இன்றைய சிங்க்கில் குழாய் நிற்கும் பின்பகுதி பெரும்பாலும் சமதளமாக இருக்கிறது. அங்கே விழும் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது.

ஒழுகுகிறதா, தெறிக்கிறதா? நான்கு சோதனைகள்

பிளம்பரைக் கூப்பிடும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தேவை ஒரு உலர்ந்த துணி, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர் அல்லது செய்தித்தாள்.

1. குழாய் மூடிய நிலையில்: குழாயையும் சுற்றுப்புறத்தையும் நன்றாகத் துடைத்து, அடியில் பேப்பரைச் சுற்றி வையுங்கள். ஒரு மணி நேரம் யாரும் குழாயைத் தொட வேண்டாம். சுவரிலிருந்து வரும் குழாய் என்றால், சுவரோடு சேரும் இடத்திலும் பேப்பரை ஒட்டிவையுங்கள். பேப்பர் நனைந்தால் இணைப்பில் கசிவு. பேப்பர் காய்ந்திருந்து, குழாய் வாயிலிருந்து மட்டும் சொட்டினால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது.

2. குழாய் திறந்த நிலையில்: ஒரு பெரிய பாத்திரத்தைக் குழாய் வாய்க்கு நெருக்கமாகப் பிடித்து, தண்ணீர் வெளியே தெறிக்காதபடி திறந்து விடுங்கள். கைப்பிடியின் அடியில் நீர் கசிகிறதா? கழுத்து திரும்பும் குழாயாக இருந்தால், இடமும் வலமும் திருப்பும்போது அடியில் கசிகிறதா என்றும் பாருங்கள்.

3. மேலிருந்து ஊற்றி: குழாயை மூடிவிட்டு, அதன் அடியைச் சுற்றி ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே சொட்டு வந்தால், குழாயின் அடியிலோ சிங்க்கும் கல்லும் சேரும் விளிம்பிலோ இடைவெளி இருக்கிறது.

4. மூன்றிலும் தப்பித்தால்: குழாயில் கோளாறு இல்லை. தெறிக்கும் நீரும், ஈரக் கையோடு குழாயை மூடும்போது வழியும் நீரும்தான் காரணம்.

எந்தக் கசிவுக்கு எந்த வைத்தியம்?

எதைக் கழற்றுவதாக இருந்தாலும், முதலில் சிங்க்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். சுவர்க் குழாய்க்கு அது இருக்காது. மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூட வேண்டும். பிறகு குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வாயில் சொட்டினால்: பழைய மாதிரி திருகு குழாய்க்கு வாஷரை மாற்றினால் போதும், ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்தான். கால் சுற்றிலேயே திறக்கும் புது மாதிரிக் குழாய்க்குள் வாஷர் இருக்காது. உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலை அப்படியே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது.

கைப்பிடி அடியில் கசிந்தால்: பழைய குழாயில் அங்கே இருக்கும் நட்டை ஸ்பேனரால் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் உள்ளே சுற்றியிருக்கும் திரியை மாற்ற வேண்டும்.

கழுத்து திரும்பும் இடத்தில் கசிந்தால்: அங்கே இருக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். புதியதைப் போட்டால் சரியாகிவிடும்.

சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால்: குழாயைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்ட வேண்டும். சுவருக்குள் இருக்கும் பைப் பழையதாக இருந்தால் மரை உடைந்துவிடும் ஆபத்து உண்டு. இந்த வேலையை பிளம்பரிடமே விடுவது நல்லது.

விளிம்பில் இடைவெளி இருந்தால்: பல வீடுகளில் இங்கே வெள்ளை சிமென்ட் பூசியிருப்பார்கள். ஸ்டீல் சிங்க் சுடுதண்ணீர் பட்டால் விரியும். கனமான பாத்திரம் வைத்தால் லேசாக அசையும். சிமென்ட் வளையாது. எனவே சீக்கிரமே வெடிப்பு விட்டு, அதன் வழியே தண்ணீர் இறங்கும். இங்கே தேவை, ரப்பர் போல வளைந்துகொடுக்கும் சிலிகான் சீலன்ட்.

பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் ஒட்டாது. இடைவெளியின் இரு பக்கமும் டேப் ஒட்டிக்கொண்டு, சீலன்ட்டை ஒரே சீராகப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை இழுத்துவிட்டு, உடனே டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. மழைக்காலம் இல்லாத வாரமாகப் பார்த்து, வெளியூர் போகும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் மார்பிளைக் கெடுக்கும். மார்பிள் மேடைக்கு 'நியூட்ரல்' வகை என்று கேட்டு வாங்குங்கள்.

சொட்டுதானே என்று விடாதீர்கள். அடியில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 100 மில்லி சேர்ந்தால், ஒரு நாளைக்கு 2.4 லிட்டர், ஒரு வருடத்துக்கு 876 லிட்டர். கோடையில் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தெறிக்காமல் இருக்க...

மாடித் தொட்டி குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் சுமார் 1 பார் இருக்கும். இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது இதனால்தான். ஆங்கிள் வால்வை அரைச் சுற்று மூடி வைத்தால் பாதித் தெறிப்பு குறைந்துவிடும்.

குழாய் வாயில் இருக்கும் சல்லடை போன்ற ஏரேட்டரைக் கவனியுங்கள். மணலோ உப்போ அடைத்துக்கொண்டால் தண்ணீர் கோணல்மாணலாகச் சிதறும். அதைத் திருகிக் கழற்றி, வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள்.

தண்ணீர் விழும் இடமும் முக்கியம். சிங்க்கின் நடுவில், வடிகால் ஓட்டைக்கு அருகில் விழ வேண்டும். பின்சுவரை ஒட்டி விழுந்தால் குழாயடி நனையத்தான் செய்யும்.

வெள்ளைப் படிவத்துக்கு ஆசிட் வேண்டாம்

குழாயடியில் கல்லாக இறுகிய உப்புக்கு, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பஞ்சை 15 நிமிடம் சுற்றி வைத்து, தேய்த்துக் கழுவினால் போதும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை ஊற்றினால் குழாயின் பளபளப்பும் சிங்க்கும் சேர்ந்து போய்விடும். கடப்பாக் கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கற்கள். அவற்றின் மேல் எலுமிச்சை, வினிகர்கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

கண்ணில் படாத தண்ணீர்

குழாயடி ஈரத்தை உறிஞ்ச ஒரு துணியை மடித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். நாள் முழுவதும் ஈரமாகக் கிடக்கும் துணி கிருமிகளுக்கு வசதியான வீடு. வைப்பதாக இருந்தால் தினமும் அலசி வெயிலில் காயப் போட்டு, இரண்டு துணிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஆன்லைனில் கிடைக்கும் சிலிகான் விரிப்புகளும் அப்படித்தான். தெறிக்கும் நீரைச் சிங்க்குக்குள் திருப்பிவிட உதவும்; ஆனால், ராத்திரி எடுத்து அடிப்பக்கத்தையும் துடைக்காவிட்டால் பிரச்னையை மூடி மறைத்ததாகத்தான் ஆகும்.

அதைவிட ஆபத்து, கசிவுக்காக சிங்க்குக்குக் கீழே வைத்த வாளியும், பாத்திரக் கூடைக்கு அடியில் இருக்கும் தட்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

வீடு கட்டுகிறீர்களா?

மேடைக் கல் பதிக்கும்போதே சிங்க் பக்கமாக மிக லேசான சரிவு கேளுங்கள். ஒரு கோலிக்குண்டை வைத்தால் மெதுவாக சிங்க்கை நோக்கி உருள வேண்டும். சிங்க்கைக் கல்லுக்கு மேலே வைக்காமல் கீழிருந்து பொருத்தினால், மேடைத் தண்ணீரைத் தடுக்கும் விளிம்பே இருக்காது. மேடையின் முன் விளிம்பில், கல்லின் அடிப்பக்கம் நீளமாக ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். வழியும் நீர் அலமாரிக் கதவுக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். கடற்கரை ஊர் என்றால் 304 ரக ஸ்டீல் சிங்க் நல்லது. உப்பு அரிப்பை அதைவிடக் கூடுதலாகத் தாங்குவது 316 ரகம். ஸ்விட்ச் போர்டை சிங்க்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடைசியாகக் கழுவியவர் யார்?

இத்தனையும் செய்தபிறகும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். பாத்திரம் கழுவும் இடம்தானே! அதற்கு ஒரு சின்ன ரப்பர் வைப்பரை சிங்க் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். ஒரே இழுப்பில் தண்ணீர் சிங்க்குக்குள் போய்விடும். பத்து விநாடி வேலை.

பெரும்பாலான வீடுகளில் அந்தப் பத்து விநாடியும் அம்மாவின் கணக்கில்தான் சேர்கிறது. டீ டம்ளரை அலசும் அப்பா, டிபன் பாக்ஸைக் கழுவும் பிள்ளை, கை கழுவும் விருந்தாளி என எல்லோரும் விட்டுப்போகும் தண்ணீரை ஒருவரே துடைக்க வேண்டியிருக்கிறது. கடைசியாகக் குழாயைத் திறந்தவர் யாரோ, அவரே வைப்பரை ஒருமுறை இழுத்துவிட வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். வாஷரை மாற்ற பிளம்பர் வேண்டியிருக்கலாம். இதற்கு வீட்டில் இருப்பவர்களே போதும்.