மழை, சேறு, நாலு பேர், ஒரு டென்ட்

"ஃப்ரெண்ட்ஸோட மியூசிக் ஃபெஸ்டிவலுக்கு கேம்பிங் போறோம், மழை வந்தா என்ன பண்றது?"ன்னு கேட்டிருந்தீங்க. இதுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கு. ஏன்னா, தப்பா செய்யக்கூடியது எல்லாத்தையும் நான் செஞ்சிருக்கேன்.

2016 ஜூன். அப்போ இங்கிலாந்துல படிச்சிட்டிருந்தேன். நாலு பேரா கிளாஸ்டன்பரி கிளம்பினோம். தெரியாதவங்களுக்கு: சாமர்செட்ல, பில்டன் கிராமத்துல இருக்கிற வொர்தி ஃபார்ம்தான் இடம். அது ஒரு மாட்டுப் பண்ணை. 1970-ல மைக்கேல் ஈவிஸ் முதல் விழாவை நடத்தினப்போ டிக்கெட் 1 பவுண்ட், கூடவே பால் இலவசம். இப்போ 2 லட்சம் பேர் வரைக்கும் கூடுறாங்க.

ஜூன்னா அங்க கோடைக்காலம். ஆனா நம்ம ஊர் கத்திரி வெயிலை நினைச்சுக்காதீங்க. அந்த வருஷம் எங்க பார்த்தாலும் சேறு. காரணம் மழை மட்டும் இல்ல. களிமண் நிலத்துல தண்ணி சீக்கிரம் கீழ இறங்காது. அதுல அத்தனை கால் மிதிச்சா புல் போயி மண் குழைஞ்சிடும். நாத்து நடறதுக்கு முன்னாடி வயலைச் சேறடிக்கிறோம் இல்லையா, அதேதான்.

எங்க முதல் தப்பு, இடம். தாழ்வா, பச்சையா, மெத்தை மாதிரி ஒரு இடம் காலியா இருந்தது. ஏன் காலியா இருக்குன்னு யோசிக்கல. மழைத் தண்ணி மொத்தமும் அங்கதான் வந்து நிக்கும். எப்பவும் கொஞ்சம் மேட்டுல டென்ட் போடுங்க.

ரெண்டாவது, தார்ப்பாய். டென்ட்டுக்கு அடியில விரிச்சோம், நல்ல ஐடியாதான். ஆனா அது டென்ட்டை விடப் பெருசு. வெளிய நீட்டிட்டிருந்த ஓரத்துல மழை விழுந்து, தண்ணி நேரா எங்க முதுகுக்கு அடியில வந்துடுச்சு. ஓரத்தை உள்பக்கமா மடிச்சு விட்டிருந்தா போதும்.

மூணாவது, பையெல்லாம் சுவரோரமா சாத்தி வெச்சோம். டென்ட்டுக்கு வெளித்துணி, உள்துணின்னு ரெண்டு உண்டு. நம்ம மூச்சுல இருக்கிற ஈரம் வெளித்துணியோட உள்பக்கத்துல நீர்த்துளியா படியும். நடுவுல இடைவெளி இருக்கிற வரைக்கும் அது அப்படியே வழிஞ்சு தரைக்குப் போயிடும். பை தள்ளி ரெண்டும் ஒட்டிக்கிச்சுன்னா, ஈரம் உள்ள வந்துடும்.

இதெல்லாம் நனையுற தப்பு. நாலாவது, உயிர் போற தப்பு.

வியாழக்கிழமை ராத்திரி. ஜீன்ஸ் நனைஞ்சு, பல்லு தந்தியடிக்குது. பக்கத்து டென்ட்காரங்க சமைச்சு முடிச்ச கரி அடுப்பு ஒண்ணு வெளிய இருந்தது. பார்த்தா அணைஞ்ச மாதிரி, தொட்டா கதகதப்பு. "உள்ள வெச்சுக்கலாம்டா"ன்னு நான்தான் எடுத்தேன். எங்ககூட வந்த அக்கா நர்ஸா வேலை பார்க்கிறவங்க. "தம்பி, அதை அங்கேயே வை. காலைல நாலு பேரும் எந்திரிக்க வேண்டாமா?"ன்னாங்க. குரல்ல விளையாட்டே இல்ல.

கரி கனன்றுட்டு இருக்கிற வரைக்கும், தீ தெரியலைன்னாலும், கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின்ல இது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, குமட்டல், தலைசுத்தல். ஃபெஸ்டிவல்ல இதை ஹேங்ஓவர்னு நினைச்சுத் தூங்கிடுவோம். தூக்கத்துலேயே முடிஞ்சிடும். "ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வெச்சா?"ன்னு கேப்பீங்க. போதாது. அடுப்பு வெளியதான் இருக்கணும்.

அப்புறம் எப்படிக் குளிரைச் சமாளிச்சோம்? அக்கா சொன்னபடி ஈர உடுப்பைக் கழட்டிட்டோம். காட்டன் துணி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு உடம்புச் சூட்டை இழுத்துடும். பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருந்த காஞ்ச துணியும் சாக்ஸும் போட்டு, நெருக்கிப் படுத்தோம். அந்த ஒரு ஜோடி சாக்ஸ் தூங்க மட்டும்தான். நாள் கணக்கா ஈரத்துல இருந்தா பாதம் மரத்து, தோல் அழுக ஆரம்பிக்கும். முதல் உலகப் போர்ல பதுங்குகுழிச் சிப்பாய்களுக்கு வந்த அதே பிரச்சினை.

வெள்ளிக்கிழமை காலைல எழுந்தா, சுத்திலும் ஒரே பேச்சு பிரெக்ஸிட் முடிவு. எனக்கு மட்டும் வேற நினைப்பு. அந்த அடுப்பு சேத்துல, மழையில நனைஞ்சு கிடந்தது. நாங்க நாலு பேரும் எழுந்திருந்தோம்.

போயிட்டு வாங்க மக்களே. நனைஞ்சா பரவாயில்ல, காய வெச்சுக்கலாம். அடுப்பு மட்டும் வெளிய.