கோபாலைத் தேடிய ஆளுநர்

கோபால் என்றதும் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துவிடாதீர்கள், நேயர்களே. இது ஒரு கணினி மொழி. 1959-இல் அமெரிக்காவில் உருவானது. கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே அமைத்திருந்த மொழிதான் இதற்கு முக்கிய முன்மாதிரி. கூட்டு, கழி என்று கணினிக்கு இடும் கட்டளைகளைச் சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே எழுதலாம். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் விடுமா? அள்ளிக்கொண்டன.

பிறகு புது மொழிகள் வந்தன. பல கல்லூரிகள் இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டன. தெரிந்தவர்களும் ஓய்வுபெற்றுப் போனார்கள்.

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலையிழந்தவர்கள் நியூஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகை கேட்டுக் குவிய, கோபாலில் எழுதப்பட்ட 40 ஆண்டுப் பழைய கணினி அமைப்பு திணறியது. கோபால் தெரிந்தவர்கள் தொண்டர்களாக வரவேண்டும் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன்னிலையிலேயே கேட்டுக்கொண்டார்.